மலடு என்று எழுதிய செடி

ஏப்ரல் 2

நான் ஏறும் பஸ்ஸை, ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். டிப்போவில் இவருக்கு முதல் வண்டி போட்டிருக்கிறார்கள். ஆக, இனிமேல் புருஷன் ஓட்டுகிற வண்டியில் இருட்டோடு இருட்டாகக் கிளம்ப வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையில் எங்கள் வேலை தொடங்குவதோ ஒன்பதரைக்கு. அதுவரை நான் அங்கே என்ன செய்ய, நெல்லோடு பேசவா?

"பேசு. அது ஒண்ணாவது உன்னை எதிர்த்துப் பேசாது" என்கிறார் இவர். கிண்டலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஏப்ரல் 3

கொசுக்கடி. தூக்கம். கோபம்.

ஏப்ரல் 5

இன்றோடு நான் விதைத் தூய்மைப் பிரிவுக்கு வந்து ஒரு வருடம். வந்து என்றா எழுதினேன்? தள்ளப்பட்டு.

படித்தது பயிர் இனப்பெருக்கம். பல வருடம் கலப்புக் கொட்டகையில் உட்கார்ந்து, நெற்பூவின் மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு வேறு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்த்துக்கொண்டிருந்தவள். போன வருடம் கூட்டத்தில் எழுந்து, "சார், உங்க ரகம் வெயில்ல பதராகுது" என்று சொன்னேன். அவ்வளவுதான். பண்ணைத் தலைவர் உருவாக்கிய ரகம் அது. "என் பிள்ளை" என்றுதான் அதைச் சொல்வார். அதனால் எங்களுக்குள் அவர் பெயரே பிள்ளைக்காரர். பெற்றவரிடம் போய்ப் பிள்ளைக்குச் சளி என்று சொன்னாலே பொறுக்காது, நான் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் வேலை கலவன் பிடுங்குவது. விதை வயலில் ரகத்துக்கு ஒத்துவராமல் உயரமாகவோ குட்டையாகவோ முந்தியோ பிந்தியோ நிற்கிற செடி எல்லாம் கலவன். வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போட வேண்டும். வயல் முழுக்க ஒரே அச்சாக நின்றால்தான் சான்றிதழ். செய்கிறேன். தப்பில்லை, விவசாயிக்குச் சுத்தமான விதை வேண்டும்தானே. ஆனாலும் பிடுங்கும்போது கை கூசுகிறது.

ஏப்ரல் 6

மூன்றாம் வயல், கிழக்கு ஓரம். குட்டையாக, இலை வெளிறி ஒரு கலவன். கதிர் வந்திருக்கிறது, ஆனால் பூக்கவே இல்லை என்கிறார்கள் ஆட்கள். பத்து மணிக்குப் பார்த்தாலும் பதினொன்றுக்குப் பார்த்தாலும் உமி மூடியே கிடக்கிறதாம். வெளியே வாடிய மகரந்தப் பை மட்டும் நூல் நூலாகத் தொங்குகிறது. நோய்தான். அடையாள அட்டையில் "மலடு, பிடுங்குக" என்று நானே எழுதிக் கட்டினேன். அதற்குள் டீ வந்துவிட்டது. நாளைக்குப் பிடுங்கலாம்.

ஏப்ரல் 7

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சும்மா நிற்பதற்கு அந்த மலட்டுச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று மூன்றாம் வயலுக்குப் போனேன். குனிந்து தூரைப் பிடித்தேன்.

செடி பூத்திருந்தது.

கதிரின் மேல் பாதி முழுக்க உமிகள் வாய் திறந்து, ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தப் பைகள் வெளியே நீண்டு, உள்ளே இரண்டு சூல்முடிகள் குட்டி இறகு மாதிரி விரிந்து... தட்டினால் தூள் பறக்கிறது. சுற்றிலும் பிள்ளைக்காரரின் பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகின்றன. அத்தனை பெரிய வயலில் இது ஒன்று மட்டும் விழித்திருக்கிறது.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் வெயில் ஏறியதும் உமி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தபோது கடை சாத்தியாயிற்று. வெளியே தொங்கும் நூல் மட்டும் மிச்சம்.

மலடாம்! யார் எழுதியது? நான்தான் எழுதினேன். நாம் ஒன்பதரைக்கு வருவோம். அதற்கு மேல் பூக்கிறதுதான் பூ. எல்லாப் பண்ணையிலும் இப்படித்தான் குறிக்கிறோம். நமக்கு முன்னால் எழுந்து வேலையை முடித்துவிட்ட செடிக்கு மலடு என்று பெயர் வைத்து, அதைப் பிடுங்கவும் ஆள் வைத்திருக்கிறோம். இப்படி எத்தனை செடி போயிருக்கும்?

அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 8

குண்டூசியிடம் மட்டும் சொன்னேன். கலப்புக் கொட்டகையில் என் பக்கத்து நாற்காலிக்காரி. கையும் கூர், வாயும் கூர்.

"விடியக்காலைல பூக்குதா? கனவு கண்டிருப்ப."

"நாளைக்கு வந்து பாரேன்."

"அந்த நேரத்துக்கா? என் வீட்டுக்காரரே வந்து நின்னாலும் யாருன்னு கேட்பேன், நெல்லையா பார்க்கப் போறேன்?"

சிரித்தாள். ஆனால் சிரித்த கையோடு, "அப்படின்னா... வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிரும் இல்ல?" என்றாள். அவளுக்கும் பொறி தட்டிவிட்டது.

அதுதான் விஷயம். நெற்பூ திறந்திருப்பதே ஒரு மணி நேரம் போல. உதிர்ந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடம். அந்த நேரத்தில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, கரு பிடிக்காது, உமிக்குள் ஒன்றும் இருக்காது. பதர். மலையில் படிக்கட்டு வெட்டி நடுகிறார்கள், ஆற்று முகத்தில் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீரில் வளர்க்கிறார்கள், பனி பெய்கிற நாட்டில்கூட விளைவிக்கிறார்கள், ஒரு தேசத்தில் விமானத்திலிருந்து விதைக்கிறார்கள். எங்கே நட்டாலும் நாம் சாப்பிடுகிற நெல் பெரும்பாலும் சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் பூக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத்து நெல் கொஞ்சம் முந்தும் என்று படித்திருக்கிறேன். காட்டு நெல் சிலது விடியலிலேயே திறக்குமாம். இந்தச் செடிக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, தெரியாது. வந்திருக்கிறது. அது போதும்.

ஒவ்வொரு வருடமும் பூக்கிற வாரத்தில் வெயில் கூடிக்கொண்டே போகிறது. வெயிலை நம்மால் குறைக்க முடியாது. பூவைக் கொஞ்சம் முன்னால் எழுப்பலாமே!

ஏப்ரல் 9

பிள்ளைக்காரரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம்:

"இங்க பாரும்மா. திங்கட்கிழமை சான்றளிப்பு அதிகாரி வர்றார். விதை வயல்ல கலவன் நிக்கக் கூடாது. அதோட மகரந்தம் பறந்து மத்த செடியைக் கெடுத்தா?"

"எப்படி சார் கெடுக்கும்? இது பூக்கிற நேரத்துல மத்தது எதுவும் திறந்தே இருக்காது. மத்தது திறக்கும்போது இது மூடிடும். இதைவிட ஒழுக்கமான செடி இந்த வயல்லயே கிடையாது."

அவருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"விதைன்னு வந்தா விதிதான். பிடுங்கிடுங்க."

"தனியா உறை போட்டுக் காப்பாத்தறேன். விதை முத்தினதும் நானே எடுத்துடறேன்."

"பிடுங்கிடுங்கன்னு சொன்னேன்."

"மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் சொன்னேன் என்பதே தெரிந்தது. போன வருடம் பேசியதற்குப் பிறகு வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். போதும்.

ஏப்ரல் 10

இவரோடு சண்டை.

"ஒரு புல்லுக்காக வேலையை விடப்போறியா?"

"நீங்க மூணு வேளை திங்கறதும் அந்தப் புல்லைத்தான்."

"திங்கறேன். அதுக்காக அதோட மேலதிகாரிகிட்டப் போய் முட்டிக்கல. இன்னும் ஒரு தடவை உன்னை மாத்தினா எங்க போடுவான்? கிடங்குல போடுவான். எலியோட உட்கார்ந்திருப்ப."

"இருக்கேன். எனக்கென்ன?"

தட்டைக் கழுவப் போய்விட்டார். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா ஜெயிச்சாச்சு, விடு" என்றாள். ஜெயிக்கவெல்லாம் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பயம் ஒரு காரணமா?

ஏப்ரல் 11

கதிருக்கு எண்ணெய்த்தாள் உறை மாட்டினேன். உலைவாய் மாதிரி வெயில். வயலில் தண்ணீரை வேறு வடித்துவிட்டார்கள், அதிகாரி இறங்கி நடக்க வசதியாக. பூக்கிற பயிரைக் காயப்போட்டு அதற்குச் சுத்தப் பத்திரம் வாங்குகிற புத்திசாலிகளை இங்கேதான் பார்க்கிறேன். மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

ஏப்ரல் 13

வெட்டிட்டாங்க.

காலைல போய் நின்னா செடி இல்ல. உறையும் இல்ல, கதிரும் இல்ல. தரையோட ஒட்ட அறுத்து... நேத்து ஞாயித்துக்கிழமை, நான் வர மாட்டேன்னு தெரிஞ்சு செஞ்சிருக்காங்க. வரப்புல உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தா என்ன.

மேஸ்திரி வந்தார். பாவம், அவருக்கு முகமே சரியில்லை. "ஐயா வேரோட பிடுங்கத்தான் சொன்னாரு மேடம். மண்ணு கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, வரமாட்டேன்னுச்சு. அறுத்துட்டேன். கதிரெல்லாம் மாட்டுக்குப் போயிருச்சு."

அறுத்துட்டேன். நான் அழுகையை நிறுத்தினேன்.

அறுத்தால் நெல் சாகாது! நெல் ஒரு போகத்துப் பயிர் என்று நினைக்கிறோம், நாம் அறுத்துவிட்டு உழுதுவிடுவதால். விட்டுவைத்தால் அடித்தாளின் கணுவில் உறங்கும் மொட்டு முளைத்து மறுதாம்பு வரும். மறுபடி கதிர் தள்ளும். அதே செடி, அதே குணம்.

கொட்டகைக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தேன். நான் தோண்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்காரர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். நான் நிறுத்தவில்லை. மண்கட்டியோடு தூரைப் பெயர்த்து எடுத்துச் சாக்கில் வைத்தேன். பிறகு பக்கத்தில் நின்ற அவர் ரகத்தில் ஒரு குத்தை அரிவாளால் அதே மாதிரி அறுத்து, அதையும் தோண்டினேன்.

அதிகாரி கேட்டார்: "ஒண்ணு கலவன், சரி. ரெண்டாவது எதுக்கு?"

"சாட்சிக்கு சார்."

பிள்ளைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. வேற்று மனிதர் முன்னால் என்ன பேசுவார்?

தூர் காயாமலிருக்க நனைத்த சாக்கு இரண்டும் மாலை பஸ்ஸில் சொட்டிக்கொண்டே வந்தன. இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நிறுத்தத்தில் எல்லோரும் கேட்கத் திரும்பினார்: "அந்த ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சா?" எடுத்திருந்தேன். சுமைக்கட்டணம். காட்டினேன்.

ஏப்ரல் 15

கிடங்கில் போட்டுவிட்டார்கள். இவர் வாக்குப் பலித்தது. எலிகளும் உண்டு.

ஏப்ரல் 17

இரண்டு பெயின்ட் வாளி. வயல் மண், மேலே விரற்கடைத் தண்ணீர். பால்கனியில் மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். மதியம் சுவரில் கை வைக்க முடியாது. வேண்டுமென்றுதான் அந்த இடம். இரண்டும் ஒரே வெயிலைச் சாப்பிடட்டும்.

மகள் வாளிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "அம்மா கட்சி", "எதிர்க்கட்சி".

ஏப்ரல் 22

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தண்ணீர் தேங்கினால் கொசு வருமாம், வாளியை எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குடியிருப்போர் சங்கத்தில் சொல்வாராம். சொல்லுங்கள் என்றேன். கதவைச் சாத்திய பிறகு யோசித்தேன், கொசு விஷயத்தில் மனிதர் சொல்வது சரிதான். சாயங்காலம் ஒரு வாளிக்கு இரண்டு கப்பி மீன் வாங்கி விட்டேன். கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

"முதல்ல புல்லு, இப்ப மீனு. அடுத்து மாடா?" என்கிறார் இவர். ஆனால் காலையில் கிளம்பும் முன் வாளிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 25

அம்மா கட்சியில் முளை! அடியில், சுண்டுவிரல் நீளம்.

ஏப்ரல் 26

எதிர்க்கட்சியிலும் வந்துவிட்டது. நல்லது. போட்டி இல்லாமல் ஜெயித்தால் யார் நம்புவார்கள்?

மே 14

மூன்றாம் வயல் நெல் தூற்றப்படுவதைக் கிடங்கு வாசலில் நின்று பார்த்தேன். விசிறிக்கு முன்னால் கொட்டக் கொட்டப் பறந்துகொண்டே இருந்தது. மூட்டைக்கு விழுந்ததைவிடக் காற்றில் போனது அதிகம். பதர், பதர், பதர். பூக்கிற வாரத்தில் அடித்த வெயில் சும்மா விடுமா?

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். பிள்ளைக்காரர் பறக்கிற உமியைப் பார்த்துக்கொண்டே நின்றார், சட்டையெல்லாம் தூசி. வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷம் இறங்கிவிட்டது. இதே விதையை வாங்கி நட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வயலிலும் இதேதான் பறந்திருக்கும். அவர்கள் என்ன கூட்டத்தில் எழுந்து பேசினார்களா, தண்டனை அனுபவிக்க?

மே 24

இரண்டு வாளியிலும் பொதி கட்டியிருக்கிறது. கதிர் இலையுறைக்குள் உப்பிக்கொண்டு நிற்கிறது.

மே 30

பத்து நாளைக்கு இவருக்கு விடிந்த பிறகு போகும் வண்டி. விடியலில் எழுந்து காத்திருந்தேன். திறக்கவில்லை. என்னவென்று எழுதுவது? அன்று பார்த்தது வேறு எதுவோ? நோய்தானோ? மலடு என்று முதலில் எழுதினதுதான் சரியோ?

இல்லை. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

மே 31

இன்றும் இல்லை. மகள் வந்து தோளில் சாய்ந்துகொண்டு, "கதிர் முழுசா வெளிய வந்தாத்தானேம்மா பூக்கும்? பாதி உள்ளதானே இருக்கு?" என்றாள். இனப்பெருக்கம் படித்தவள் நான். பதற்றத்தில் மூளை விடுமுறைக்குப் போய்விட்டது.

ஜூன் 1

திறந்தது. திறந்தது. திறந்தது.

கதிரின் நுனியில் முதல் உமி. பிறகு அதற்குக் கீழே. எதிர்க்கட்சி அசையவில்லை. இவர் வண்டிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிய காலோடு பால்கனிக்கு வந்து குனிந்து பார்த்தார். "இத்துனூண்டா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். ஆனால் நகரவில்லை. "வண்டி லேட்டாகும்" என்று நான்தான் விரட்டினேன்.

ஜூன் 3

இரண்டு நாளாக எதிர்க்கட்சி பத்து மணிக்கு மேல் பூக்கிறது. நான் கிடங்கில், மகள் பார்த்துச் சொல்கிறாள். அப்போது சுவரோரம் முப்பத்தெட்டு டிகிரி. நான் ஒன்றும் செய்யவில்லை. நிழலும் கொடுக்கவில்லை, நெருப்பும் மூட்டவில்லை.

ஜூன் 14

அம்மா கட்சியில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினேன். பால்!

ஜூலை 1

இரண்டு கதிரையும் அறுத்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா, நினைவில்லை.

மேசைமேல் வைத்தேன். ஒன்று தலை கவிழ்ந்து கிடந்தது, கனத்தில். ஒன்று வளையாமல் நேராகக் கிடந்தது. எது எதென்று நான் சொல்லவில்லை. தன் பிள்ளையை அவருக்கு அடையாளம் தெரியாதா? முதலில் அதைத்தான் எடுத்தார். ஒரு மணியை அழுத்தினார், தட்டையாகப் போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. கடைசி வரை அழுத்திப் பார்த்தார். எப்போதாவது ஒன்றுதான் கெட்டியாக இருந்தது. பிறகு மற்றதை எடுத்தார். அதை அழுத்தவில்லை, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஒரே இடத்துல வெச்சீங்களா?"

"ஒரே சுவர். ஒரே மண்ணு. ஒரே தண்ணி. ஆளுக்கு ரெண்டு மீன்."

மீனுக்கு அவர் சிரிக்கவில்லை. இரண்டு கதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம், "ஒரே ஒரு செடிதான். இதை வெச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது" என்றார்.

"முடியாது சார். அதனாலதான் பாத்தி கேட்கறேன்."

"விதையைக் குடுங்க. கொட்டகைல சொல்லி நடச் சொல்றேன்."

"விதை தர மாட்டேன். பாத்தி குடுங்க, நானே நடறேன். கிடங்கு வேலையும் எனக்கு வேண்டாம்."

"இது பண்ணையோட சொத்தும்மா."

"மாட்டுக்குப் போட்டப்ப யாரோட சொத்து சார்?"

குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. "கிழக்கால ஒரு துண்டு சும்மா கிடக்கு" என்றார். நன்றி சொல்ல வேண்டும் போலத் தோன்றியது. சொல்லவில்லை.

ஜூலை 23

விதைத்தேன். மணி எல்லாம் போயிற்று, வீட்டில் ஒரு சிட்டிகை மட்டும் வைத்திருக்கிறேன். யாரையும் நம்புவதற்கில்லை.

ஆகஸ்ட் 16

நட்டோம், குண்டூசியும் நானும். குத்துக்கு ஒரே நாற்று. அவள் முதுகு போய்விட்டது என்று கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தன.

செப்டம்பர் 19

நான் பயந்தது மாதிரியே, ஆசைப்பட்டது மாதிரியே ஆகிவிட்டது. பாத்தியில் ஒன்று போல் ஒன்று இல்லை. நெட்டை, குட்டை, பச்சை, வெளிர். தாய்ச்செடி எங்கோ கலந்து பிறந்தது, பிள்ளைகள் ஆளுக்கொரு ஜாடையில் பிரிந்து நிற்கின்றன. இதில் விடியலில் பூக்கும் குணம் எதெதற்குப் போயிருக்கிறது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கும் வாரம் முழுக்க ஒவ்வொன்றையும் விடியலில் பார்த்தால்தான் தெரியும்.

அக்டோபர் 8

தூய்மைப் பிரிவு ஆட்கள் வழக்கமான சுற்றில் கிழக்குப் பக்கம் வந்துவிட்டார்கள். நான் தூரத்தில் வாய்க்கால் மடையில் இருந்தேன். பிள்ளைக்காரரும் கூட நின்றார். புதிதாக வந்த பெண் ஒருத்தி என் பாத்தியைப் பார்த்து, "ஐயோ, இது பூரா கலவனா இருக்கே" என்று குனிந்தாள். நான் ஓடினேன். சேற்றில் கால் இழுக்கிறது, கத்தலாம் என்றால் மூச்சு வரவில்லை.

அதற்குள் அவர் சொன்னார்: "கையை எடும்மா. இந்தப் பாத்தியில கலவன்னு ஒண்ணு கிடையாது."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம்.

அக்டோபர் 11

விடியலில் ஏழு செடி பூத்திருந்தன. ஏழிலும் அட்டை கட்டினேன். வரப்பின் அந்தக் கோடியிலிருந்து அவரும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, "இங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார். எட்டு.